கலிபோர்னியாவில் பள்ளி மாணவர் வாக்குச்சாவடிப் பணி: விண்ணப்பம் முதல் இரவுக் கணக்கு வரை

கலிபோர்னியாவில் வாக்களிக்க 18 வயது ஆக வேண்டும். ஆனால் வாக்குச்சாவடியில் உட்கார்ந்து மற்றவர்கள் வாக்களிக்க உதவ 16 போதும். மாநிலத் தேர்தல் சட்டத்தின் 12302ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. தேர்தலன்று காலை 6 மணி வாக்கில் போய்ச் சேர்ந்தால் வீடு திரும்ப இரவு 10 ஆகிவிடலாம். அன்றைக்கு நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே வகைதான்: ஒரு தாள் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வேறு பெட்டிக்குள் போய்விடும். எந்தத் தாள் எங்கே போகிறது என்பது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

யார் சேரலாம், யார் சேர முடியாது

தேர்தல் நாளன்று 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, உயர்நிலை வகுப்பில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 4.0 அளவில் குறைந்தது 2.5 இருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ள நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். ஒரு வாக்குச்சாவடிக்கு இப்படி 5 மாணவர்கள் வரை நியமிக்கலாம்.

நம் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி எச்-4 விசாவைப் பற்றியது; வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்குத் தரும் விசா அது. எச்-4இல் இருக்கும் பிள்ளைகள் சேர முடியாது. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தாலும் முடியாது. கார்டு கைக்கு வந்திருக்க வேண்டும்.

கிரீன் கார்டு உள்ள மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, இதைப் பெற்றோரும் படிக்க வேண்டும். கலிபோர்னியாவில் 16, 17 வயதுக் குடிமக்கள் வாக்காளர் பட்டியலுக்கு முன்பதிவு செய்துகொள்ளலாம். பள்ளியில் வாக்குச்சாவடிப் பணி விண்ணப்பத்தையும் இந்த முன்பதிவுப் படிவத்தையும் ஒரே மேசையில் வைத்துக் கொடுப்பதுண்டு. இரண்டும் வேறு வேறு. முன்பதிவுப் படிவத்தில் 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்ற உறுதிமொழி இருக்கும். நிரந்தரவாசி ஒருவர் அதில் தெரியாமல் கையெழுத்துப் போட்டால் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தின்போது பெரிய சிக்கலாகும். பணி விண்ணப்பத்தை மட்டும் நிரப்புங்கள்.

விண்ணப்பமும் பள்ளி அனுமதியும்

விண்ணப்பம் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) தேர்தல் அலுவலகத்துக்குப் போகிறது. படிவத்தில் மூன்று கையெழுத்துகள் கேட்பார்கள்: உங்களுடையது, பெற்றோருடையது, பள்ளியுடையது. தாமதம் எப்போதும் மூன்றாவதில்தான். பள்ளியின் மாணவர் ஆலோசகர் ஜிபிஏவைச் சரிபார்த்துக் கையெழுத்திட ஒரு வாரம் எடுத்துக்கொள்ளக்கூடும். 2026 நவம்பர் 3 பொதுத் தேர்தலுக்கு வேலை செய்ய நினைப்பவர் ஆகஸ்டில் பள்ளி திறந்ததுமே படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.

வருகைப் பதிவைப் பற்றிக் கவலை வேண்டாம். வாக்குச்சாவடிப் பணிக்காகப் பள்ளிக்கு வராதிருப்பது அனுமதிக்கப்பட்ட விடுப்பு என்று மாநிலக் கல்விச் சட்டத்தின் 48205ஆம் பிரிவு சொல்கிறது. அன்றைக்குத் தேர்வு ஏதாவது இருந்தால் மட்டும் ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

உங்கள் கவுண்டி எந்த முறையில் தேர்தல் நடத்துகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சான் பிரான்சிஸ்கோ போன்ற இடங்களில் பேட்டைக்கு ஒரு வாக்குச்சாவடி, ஒரே நாள் வேலை. சான்டா கிளாரா, சாக்ரமென்டோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற கவுண்டிகளில், கவுண்டியின் எந்த வாக்காளரும் போய் வாக்களிக்கக்கூடிய வாக்கு மையங்கள் இருக்கின்றன. அவற்றில் சில தேர்தலுக்கு 10 நாள் முன்பும், மற்றவை சனிக்கிழமையும் திறந்துவிடும். அங்கே சனி முதல் செவ்வாய் வரை நான்கு நாளும் வரச் சொல்லலாம். மதிப்பூதியம் கவுண்டிக்குக் கவுண்டி மாறும். பயிற்சிக்குத் தனியாகத் தருகிறார்களா என்றும் கேளுங்கள்.

பயிற்சியில் எதைக் கவனிக்க வேண்டும்

பயிற்சி சில மணி நேரம். பாதி வீடியோவாக இருக்கும். வீடியோவை மறந்தாலும் பரவாயில்லை, அதே தகவல் கையேட்டில் இருக்கிறது. இயந்திரங்களைத் தொட்டுப் பார்க்க விடும் நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாக்குச்சீட்டை வாங்கி எண்ணும் ஸ்கேனரில் தாள் சிக்கினால் எந்தக் கதவைத் திறப்பது, உடைத்த முத்திரையின் எண்ணை எங்கே எழுதுவது என்பதெல்லாம் கையால் ஒரு முறை செய்தால்தான் நிற்கும்.

முந்தைய இரவு

சோறோ சப்பாத்தியோ, சூடாக்காமல் சாப்பிடக்கூடியதைக் கட்டிக்கொள்ளுங்கள். சாவடி தேவாலயக் கூடமாகவோ, தீயணைப்பு நிலையமாகவோ, யாரோ ஒருவர் வீட்டு கராஜாகவோ இருக்கலாம். மைக்ரோவேவை எதிர்பார்க்க முடியாது. காலையில் கதவைத் திறந்து வைத்தால் குளிரும், ஆகவே ஒரு ஸ்வெட்டர் தேவை. வேட்பாளர், கட்சி, வாக்கெடுப்புத் தீர்மானம் (வாக்காளர்கள் ஆம், இல்லை என்று வாக்களித்து முடிவு செய்வது) எதையும் குறிக்கும் சட்டை, தொப்பி, பேட்ஜ் கூடாது. இரவு யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பதை இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

காலை 6 முதல் 7 வரை

ஒரு சாவடிக்கு இன்ஸ்பெக்டர் ஒருவர் (போலீஸ் அல்ல, சாவடியின் தலைமை ஊழியர்), அவருக்குக் கீழே கிளார்க்குகள் இருப்பார்கள். மாணவர்கள் இவர்களின் நேரடி மேற்பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும். முதலில் எல்லோரும் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திடுவீர்கள். பிறகு வேலைகள் மளமளவென்று நடக்கும்:

1. வாக்களிக்கும் மறைப்பு மேசைகளை விரித்து, வாக்காளரின் முதுகு சுவர்ப் பக்கம் இருக்கும்படி வையுங்கள். பின்னால் யாரும் நடந்து போகக் கூடாது.
2. மாற்றுத்திறனாளிகளுக்கான இயந்திரத்துக்குச் சக்கர நாற்காலி திரும்புமளவு இடம் விடுங்கள். ஹெட்ஃபோன் வேலை செய்கிறதா என்று காதில் வைத்துப் பாருங்கள்.
3. வந்த வாக்குச்சீட்டுகளை எண்ணி, ரசீதில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். அவசரத்தில் இதைத் தாண்டிப் போனால் இரவு 9 மணிக்கு அதன் விலை தெரியும்.
4. இன்னும் எந்த வாக்கும் பதிவாகவில்லை என்று சுழியம் காட்டும் சீட்டை ஸ்கேனர் அச்சிடும். இன்ஸ்பெக்டர் சொன்ன இடத்தில் கையெழுத்திடுங்கள், சீட்டைக் கிழிக்காதீர்கள்.
5. வெளியே அறிவிப்புப் பலகைகள், கொடி, அம்புக்குறிகள், காரிலிருந்தே வாக்களிப்போருக்கான தொலைபேசி எண் அல்லது மணி.

பெட்டி காலியாக இருப்பதை அங்கிருக்கும் எல்லோருக்கும் திறந்து காட்டிவிட்டுத்தான் பூட்ட வேண்டும். சரியாக 7 மணிக்கு 'வாக்குச்சாவடி திறந்துவிட்டது' என்று ஒருவர் உரக்க அறிவிக்க வேண்டும். வாசலில் இரண்டே பேர் நின்றாலும் அறிவிப்பு உண்டு, சட்டம் அப்படி.

பதிவேட்டு மேசை

மாணவர்களை அதிகம் உட்கார வைக்கும் இடம் இதுதான். சில சாவடிகளில் வாக்காளர் பெயர்கள் உள்ள தாள் பதிவேடு, சிலவற்றில் டேப்லெட். செய்ய வேண்டியவற்றின் வரிசை ஒன்றுதான்.

வாக்காளர் பெயரையும் முகவரியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் பதிவேட்டில் கண்டுபிடித்து, அதே பெயரையும் முகவரியையும் திரும்பச் சொல்ல வேண்டும். 'நீங்கள் ஓக் தெருவில்தானே இருக்கிறீர்கள்?' என்று முந்திக்கொண்டு கேட்காதீர்கள். முகவரி அவர் வாயிலிருந்து வருவதுதான் இங்கே சரிபார்ப்பு. பேச முடியாதவர் எழுதிக் காட்டலாம்.

இந்தியத் தேர்தல்களைப் பார்த்து வளர்ந்த பெற்றோர் இங்கே குழம்புவார்கள். விரலில் மை கிடையாது. பெரும்பாலான வாக்காளர்களிடம் அடையாள அட்டையும் கேட்கக் கூடாது. தபாலில் பதிவு செய்து முதல் முறையாக வரும் சிலருக்கு மட்டும் பதிவேட்டிலேயே 'அடையாளம் தேவை' என்ற குறி இருக்கும். அந்தக் குறி இல்லாதவர் தானாக ஓட்டுநர் உரிமத்தை நீட்டினாலும் அதைப் பார்த்தே ஆக வேண்டியதில்லை. பின்னால் நிற்பவர் அதைப் பார்த்துவிட்டு, அட்டை கட்டாயம் போல என்று வீட்டுக்குத் திரும்பிவிடக்கூடும். அதனால் 'இது தேவையில்லை, பெயரும் முகவரியும் சொன்னால் போதும்' என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.

பெயர் தேடுவதில் ஒரு நுணுக்கம். பதிவேடு குடும்பப் பெயர்ப்படி அடுக்கப்பட்டிருக்கும். தமிழ்ப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஒருவருக்கு அப்பா பெயர் அந்த இடத்தில் இருக்கும், இன்னொருவருக்குச் சொந்தப் பெயரே இருக்கும், மனைவிக்குக் கணவர் பெயர் இருக்கும், பிள்ளைகளுக்கு அப்பாவின் முதல் பெயர் இருக்கும். ஒரே வீட்டில் இருப்பவர்களே வெவ்வேறு எழுத்துகளின் கீழே கிடப்பார்கள். ஆகவே ஒரு எழுத்தில் இல்லையென்றதும் 'உங்கள் பெயர் இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது. முன்பின் மாற்றித் தேடுங்கள், டேப்லெட் இருந்தால் முகவரியை வைத்துத் தேடுங்கள், 'லைசென்சில் எப்படி இருக்கிறது?' என்று எழுத்தெழுத்தாகக் கேளுங்கள். தெற்காசியப் பெயர்கள் மட்டுமல்ல. இரண்டு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் ஸ்பானிய மொழிக்காரர்களுக்கும், குடும்பப் பெயரை முதலில் சொல்லும் வியட்நாமியர்களுக்கும் இதே கதைதான்.

கையெழுத்து அவரவர் வரியில் விழ வேண்டும். தாள் பதிவேட்டில் பக்கத்து வரியில் போடுவது சர்வசாதாரணம். ஒரு ஸ்கேலை வரிக்குக் கீழே பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். தவறாக விழுந்துவிட்டால் அழிக்காதீர்கள், ஒயிட்னர் பூசாதீர்கள். இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு ஓரத்தில் குறிப்பெழுதச் சொல்லுங்கள்.

பதிவேட்டில் உங்கள் கணக்கு டீச்சரின் வீட்டு முகவரி கண்ணில் படும். படம் எடுக்காதீர்கள், மறுநாள் வகுப்பில் பேசாதீர்கள்.

உறையோடு வருபவர்கள்

இப்போது கலிபோர்னியாவில் பதிவுபெற்ற எல்லா வாக்காளருக்கும் தபாலில் வாக்குச்சீட்டு போகிறது. அதனால் சாவடிக்கு வருகிறவர்களில் பலர் ஒட்டிய உறையைப் போட்டுவிட்டுப் போக வந்தவர்களாக இருப்பார்கள். உறைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் மாணவர் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: உறையில் கையெழுத்து இருக்கிறதா? இல்லையென்றால் பெட்டிக்குள் விழும் முன்பே பேனாவை நீட்டுங்கள். உள்ளே விழுந்த பிறகும் கவுண்டி கடிதம் அனுப்பிச் சரிசெய்ய வாய்ப்புக் கொடுக்கும். ஆனால் பத்து விநாடியில் முடிய வேண்டியதற்கு அது பல நாள் வேலை.

அடுத்து வருவது கணவன், மனைவி உறைகள் மாறுவது. சாப்பாட்டு மேசையில் சேர்ந்து உட்கார்ந்து நிரப்பும் வீடுகளில் இது நடக்கும். உறையில் அச்சிட்ட பெயருக்குக் கீழே யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வேறு கவுண்டி உறை வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். மாநிலத்துக்குள் எந்தக் கவுண்டியின் உறையையும் வாங்கிக்கொள்ளலாம். வேறொருவர் கொண்டுவந்தால், கொண்டுவந்தவருக்கான பகுதியை அவர் நிரப்ப வேண்டும்.

'தபால் சீட்டு வீட்டில் இருக்கிறது, நான் இங்கேயே போடுகிறேன்' என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது: கையில் கொண்டுவந்திருக்கிறீர்களா? கொண்டுவந்திருந்தால் அதை வாங்கி, 'ஒப்படைத்தது' என்று குறித்து, அதற்கான உறையில் போட்டுவிட்டுப் புதுச் சீட்டுக் கொடுக்கலாம். கொண்டுவரவில்லையென்றால், டேப்லெட் இருக்கும் இடத்தில் அவர் ஏற்கெனவே வாக்களிக்கவில்லை என்று உறுதிசெய்து பழையதை ரத்து செய்யலாம். அந்த வசதி இல்லாத சாவடியில் தற்காலிக வாக்கு, அதாவது உறையில் வைத்து, தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணும் வாக்கு.

பெயரே இல்லையென்றால்

தகுதியுள்ள வாக்காளர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் எவரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அவருக்குரிய சாவடி எது என்று பார்த்துச் சொல்லலாம். போக விருப்பமா, இங்கேயே தற்காலிக வாக்குப் போடுகிறாரா என்பது அவர் முடிவு. பதிவே செய்யாதவராக இருந்தால், வழக்கமான பதிவுக் கெடு தேர்தலுக்கு 15 நாள் முன்பே முடிந்திருந்தாலும், அன்றே பதிவு செய்துகொண்டு வாக்களிக்கும் வழி கலிபோர்னியாவில் இருக்கிறது.

தற்காலிக வாக்கின் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் உறையின் வெளிப்பக்கத்தை வாக்காளர் நிரப்ப வேண்டும்: பெயர், முகவரி, பிறந்த தேதி, கையெழுத்து. அதற்கென்றுள்ள பகுதியை ஊழியர் நிரப்புவார். அதன் பிறகுதான் சீட்டு. குறியிட்டதும் சீட்டை அவரே உறைக்குள் வைத்து ஒட்டி, தற்காலிக வாக்குப் பெட்டியில் போட வேண்டும். தன் வாக்கு எண்ணப்பட்டதா என்று பின்னால் பார்த்துக்கொள்ள ரசீதைக் கிழித்துக் கையில் கொடுங்கள்.

நாளின் மிக மோசமான பிழை இங்கேதான் காத்திருக்கிறது. தற்காலிக வாக்காளர், மற்றவர்கள் செய்வதைப் பார்த்து, உறையில்லாமல் சீட்டை நேராக ஸ்கேனரில் செருகிவிடுவார். உள்ளே போன சீட்டு எது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தகுதி சரிபார்க்கும் முன்பே வாக்கு எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். சீட்டை எப்போதும் உறையோடு சேர்த்தே கொடுங்கள். ஸ்கேனர் பக்கம் நிற்பவருக்கும் கண்ஜாடை காட்டிவிடுங்கள்.

சீட்டும் ஸ்கேனரும்

நவம்பர் தேர்தலில் மாநிலத் தீர்மானங்கள், நகரத் தீர்மானங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வாக்காளரின் சீட்டு இரண்டு, மூன்று அட்டைகளாகக்கூட வரும். எத்தனை அட்டை என்று எண்ணிக் கொடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செருக வேண்டும். ஸ்கேனர் காட்டும் எண் அட்டைகளின் எண்ணாக இருந்தால், அதை வாக்காளர் எண்ணிக்கையாக நினைத்துக் குழம்ப வேண்டாம்.

ஒரே பதவிக்கு இரண்டு பேரைக் குறித்துவிட்டால் ஸ்கேனர் சத்தம் போட்டு நிற்கும். திரையில் உள்ளதை வாசித்துவிட்டு ஓரடி பின்னால் நகருங்கள். சீட்டைக் கையில் வாங்கிப் பார்க்காதீர்கள். அப்படியே ஏற்கச் செய்யலாம் அல்லது புதுச் சீட்டு வாங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். கெட்ட சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் மாற்றுச் சீட்டு உண்டு. முதல் சீட்டையும் சேர்த்து ஒருவருக்கு மூன்று வரை. கெட்டுப்போனது அதற்குரிய உறைக்குப் போகும், குப்பைத் தொட்டிக்குப் போகாது.

தாள் சிக்கினால் இழுக்காதீர்கள். அந்தச் சீட்டு எண்ணப்பட்டுவிட்டதா இல்லையா என்று திரையில் வரும். அதைப் படிக்காமல் மீண்டும் செருகினால் ஒரு வாக்கு இரண்டாகலாம்.

உதவி கேட்பவர்கள்

வாக்காளர் தனக்கு உதவ இரண்டு பேர் வரை கூட்டி வரலாம். அவருடைய முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ அந்த இருவரில் இருக்கக் கூடாது. சக்கர நாற்காலியில் வந்தவரிடம் பேச வேண்டியதை அவரிடமே பேசுங்கள், தள்ளி வந்த மகனிடம் பேசாதீர்கள். உள்ளே வர முடியாதவருக்குப் பதிவேட்டையும் சீட்டையும் காருக்கே கொண்டுபோகலாம். அதற்கு இரண்டு ஊழியர்கள் சேர்ந்து போவதுதான் நல்ல வழக்கம்.

மொழி உதவிக்கு மாணவர்கள் பெரும் பலம். சில சாவடிகளில் வாக்குச்சீட்டின் தமிழ் நகலும் வைக்கப்படுகிறது. அது படித்துப் பார்ப்பதற்கு மட்டும். பெரியவர்கள் அதிலேயே குறியிட்டுக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதை ஸ்கேனர் வாங்காது. நகலைக் கொடுக்கும்போதே 'இதைப் பார்த்து, அந்தச் சீட்டில் குறிங்க' என்று சொல்லிவிடுங்கள். தமிழ்ப் பாட்டி ஒருவர் 'யாருக்குப் போடலாம் கண்ணு?' என்று கேட்டால், 'அதை நான் சொல்லக் கூடாது பாட்டி, எழுதியிருப்பதை வேண்டுமானால் வாசிக்கிறேன்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தீர்மானத்தின் பொருளை உங்கள் சொந்த வார்த்தையில் சுருக்கிச் சொல்வதும் ஆபத்துதான், சுருக்கத்தில் சாய்வு வந்துவிடும்.

100 அடி

வாசலிலிருந்து 100 அடிக்குள் பிரசாரம் கூடாது. வேட்பாளர் பெயர் போட்ட சட்டையுடன் வாக்காளர் வந்தால், அதை மறைத்துக்கொள்ளச் சொல்லும் வேலையை இன்ஸ்பெக்டரிடம் விடுங்கள். பார்வையாளர்கள் உள்ளே இருக்கலாம், கவனிக்கலாம். பொருட்களைத் தொடவோ வாக்காளரிடம் பேசவோ கூடாது. வாக்காளர் தன் சொந்தச் சீட்டோடு செல்ஃபி எடுத்தால் கலிபோர்னியாவில் குற்றமில்லை. பக்கத்தில் இருப்பவர் அதில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரவு 8க்குப் பிறகு

8 மணிக்கு வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் வாக்களிக்கலாம். இந்தியாவில் கடைசி ஆளிலிருந்து தொடங்கிச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். இங்கே ஊழியர் ஒருவர் சரியாக 8 மணிக்குப் போய் வரிசையின் வாலில் நின்றுகொள்வார். அவருக்குப் பின்னால் வருபவருக்கு இடமில்லை. உறை போட வந்து வரிசையில் நிற்பவருக்கும் இதே விதிதான்.

வாக்குகளை எண்ணும் வேலையில் மாணவர்களை ஈடுபடுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. கையெழுத்துகளையும் மிச்சச் சீட்டுகளையும் எண்ணச் சொல்லலாம், அது வேறு. கணக்கு எளிது. காலையில் வந்தவை 500 சீட்டுகள் என்று வைத்துக்கொள்வோம், ஆளுக்கு ஒரு அட்டைதான். பெட்டியில் போனவை 212, தற்காலிக உறைகளில் 14, கெட்டுப்போனவை 9, மிச்சம் 265. கூட்டினால் 500 வர வேண்டும். வரவில்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கெட்டுப்போன சீட்டு உறையை. வாக்காளர்கள் ஒப்படைத்த தபால் சீட்டுகள் அதற்குள் கலந்திருக்கும். அவை உங்கள் 500இல் வந்தவை அல்ல. அடுத்து, ஒட்டிக்கொண்டு வந்த இரட்டைச் சீட்டு. அப்படியும் நேராகவில்லையென்றால் எண்ணைத் திருத்தி எழுதாதீர்கள். உள்ள எண்ணையும் தெரிந்த காரணத்தையும் எழுதினால் போதும்.

முத்திரை எண்களைக் குறித்து முடித்ததும் சீட்டுகளையும் நினைவக அட்டையையும் இருவராகக் கொண்டுபோவார்கள். மாணவர் வேலை பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும்: மேசைகளை மடிப்பது, வாசல் பலகைகளை எடுப்பது, மறைப்பு மேசைகளுக்குள் யாராவது விட்டுப்போன தாள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பது. கிளம்பும் முன் ஊதியத் தாளில் உங்கள் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டீர்களா என்று பாருங்கள். நாள் முழுக்க அடுத்தவர் கையெழுத்தைத் தேடிய களைப்பில் பலர் விட்டுவிடுவது அதைத்தான். காசோலை வாரக்கணக்கில் தள்ளிப்போகும்.